நாற்பத்தாறு தலைகள்

பயிற்சி வகுப்பு எடுக்கப் போகும் நாளில் நான் மூன்று பைகள் எடுத்துக்கொள்வேன். ஒன்றில் மடிக்கணினி, புரொஜெக்டர் வயர், ஆறு பேர் பிளக் செருகக்கூடிய எக்ஸ்டென்ஷன் பெட்டி. இரண்டாவதில் பலூன், கயிறு, ஸ்கெட்ச் பேனா, சார்ட் தாள். மூன்றாவதில் மாத்திரை டப்பா, தயிர்சாதம், ஒரு துண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மூன்றையும் எண்ணுவேன். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் எண்ணுவேன். பேருந்தில் உட்கார்ந்ததும் எண்ணுவேன். "மூணு பை. என்னமோ முப்பது ஆடு ஓட்டிக்கிட்டுப் போற மாதிரிதான்" என்பாள் என் மனைவி.

சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினான்கு வருடம் பயிற்சிப் பிரிவு. ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. பதினோரு வருடமாக எந்தக் கம்பெனியிலும் சேராமல், கூப்பிடுகிற இடத்துக்குப் போய் வகுப்பெடுத்துவிட்டு வருகிறேன். சென்னையில் ஓர் ஏஜென்சி இருக்கிறது. அவர்கள் போன் செய்து தேதி, இடம், தலைப்பு மூன்றையும் சொல்வார்கள். குழுவாக வேலை செய்வது, நேரத்தை வீணாக்காமல் இருப்பது, கோபத்தை அடக்குவது, தீப்பிடித்தால் வெளியேறுவது என்று எது கேட்டாலும் என்னிடம் ஸ்லைடு உண்டு. மொத்தம் இருபத்திரண்டு தலைப்பு. அவற்றில் நானே உட்கார்ந்து புதிதாகத் தயாரித்தவை ஐந்து. மீதிப் பதினேழும் பழைய தொழிற்சாலைக் காலத்து ஸ்லைடுகள். முதல் பக்கத்தில் கம்பெனியின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன புரட்டாசியில் எனக்கு வந்த அழைப்பு தீ விபத்து ஒத்திகைக்கு. வாலாஜாபாத் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நெல் வயலுக்கு நடுவே தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். பரோட்டா, சமோசா, நறுக்கிய காய்கறி இவற்றை உறைய வைத்துப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். தென்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு வேன், காவாந்தண்டலம் பக்கத்திலிருந்து ஒரு வேன் அவர்களை ஏற்றி வரும்.

மறுநாள் அங்கே ஆடிட். அவர்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கடைக்காரர்களின் ஆய்வாளர் வருகிறார். ஒத்திகை நடந்த அறிக்கை, புகைப்படம், கையெழுத்துத் தாள் மூன்றும் கோப்பில் இருந்தாக வேண்டும். மனிதவள அதிகாரியாக இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். சென்னையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர். நான் போய்ச் சேர்ந்ததும் அறிக்கையைத் தட்டச்சு செய்தே கையில் கொடுத்துவிட்டார். பணியில் இருந்தவர்கள் 47. வெளியேறியவர்கள் 47. எடுத்துக்கொண்ட நேரம் என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டிருந்தது.

"டைம் மட்டும் ஃபில் பண்ணிக் குடுத்துடுங்க சார். மத்ததெல்லாம் ரெடி."

எனக்கு இது புதிதில்லை. பல இடங்களில் சான்றிதழ்கூட வகுப்புக்கு முந்தின நாளே அச்சாகி வந்துவிடும். தலையை ஆட்டினேன்.

காலை ஒன்பது மணிக்குக் கேன்டீனில் வகுப்பு. புரொஜெக்டர் பத்து நிமிடம் அடம்பிடித்தது. அதற்குள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைச் சுற்றி வளைத்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். காவாந்தண்டலம் வேனுக்கு அவர்தான் தலைவி. எல்லாரும் அவரைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள்.

"சார், நாஷ்டா ஆச்சா? ஆவலன்னா எங்க பரோட்டாவ நம்பாதீங்க. அது கல்லு மாதிரி கீது."

"நெருப்புப் பிடிச்சா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டு வகுப்பை ஆரம்பித்தேன்.

"ஓடுவோம்."

"கையில இருக்கிற சரக்க இன்னா பண்ணுவீங்க?" என்று சுவரோரம் நின்றிருந்த சூப்பர்வைசர் கேட்டான். வாலாஜாபாத்துக்காரன், இருபத்தெட்டு வயது இருக்கலாம்.

"நெருப்புல வெந்துடும் இல்ல தம்பி? துன்னுட்டு ஓடுவோம்" என்றார் பெரியக்கா. நாற்பத்தாறு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

என் வழக்கமான பன்னிரண்டு விதிகளைச் சொன்னேன். சங்கு ஊதியதும் கையில் இருப்பதைப் போட வேண்டும். எலக்ட்ரீஷியன் மெயினை நிறுத்த வேண்டும். ஓடக் கூடாது, வேகமாக நடக்க வேண்டும். கடைசியாக வருபவர் எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு வர வேண்டும். அது ஏழாவது விதி. கதவு சாத்தியிருந்தால் நெருப்பு பரவாது. இருட்டில் மாட்டிக்கொண்டால் பதறாமல் ஓரிடத்தில் நின்று மூச்சை எண்ண வேண்டும்; அது பதினோராவது.

"எனுக்கு நூறுக்கு மேல எண்ண வராதுங்க" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். நாற்பது வயதுப் பெண், சுவரில் முதுகு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தார். காவாந்தண்டலம் தாண்டி ஏரியோரக் குடியிருப்பிலிருந்து வருகிறவர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சட்டையில் குத்தியிருந்த டோக்கன் எண் முப்பத்தாறு.

"நூறு வந்ததும் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்கம்மா" என்றேன். அவர் தலையாட்டினார்.

முடிக்கும்போது குரலை உயர்த்திச் சொன்னேன். "மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி எப்ப வேணா சங்கு ஊதும். வெளியில பச்சைப் பலகைகிட்ட வந்து நிக்கணும். டோக்கன் நம்பர் கூப்பிடுவாங்க. நாற்பத்தேழும் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஃபெயில்."

"ஃபெயிலானா இன்னா சார் பண்ணுவீங்க?" என்றார் பெரியக்கா.

"முதல்லேர்ந்து மறுபடி. சாயந்திரம் ஆனாலும் சரி."

"ஐயோ, அந்தப் பேஜாரே வாணாம். நாப்பத்தேழும் வரும், நான் கேரண்டி."

இதை நான் கண்டிப்பாகத்தான் சொன்னேன். கண்டிப்பாகச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் பேசிக்கொண்டே வருவார்கள்.

பதினொன்று நாற்பதுக்குச் சங்கு ஊதச் சொன்னேன். விளக்குகள் அணைந்தன. கம்ப்ரஸர் சத்தம் நின்றது. அந்தச் சத்தத்துக்கு அதுவரை காது பழகிவிட்டிருந்ததால், நின்றதும் வயலில் கொக்கு கத்துவதுகூடக் கேட்டது. பெண்கள் தலையில் வலைத்தொப்பியோடும் காலில் கம் பூட்ஸோடும் வரிசையாக வந்தார்கள். கடைசியாகச் சூப்பர்வைசர் வந்தான். ஸ்டாப் வாட்சை அழுத்தினேன். நாலு நிமிடம் பத்து வினாடி. நல்ல நேரம். என் பதினோரு வருடத்தில் அதைவிட நல்ல நேரம் மூன்றுதான் வந்திருக்கிறது.

சூப்பர்வைசர் வருகை அட்டையை எடுத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தான்.

"ஒண்ணு?"

"கீறேன்."

"ரெண்டு?"

"கீறேன் சார்."

அவன் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் என் வழக்கப்படி தலைகளை எண்ணினேன். ஐந்து ஐந்தாக நின்றிருந்தார்கள். ஒன்பது வரிசை, அப்புறம் தனியே ஒருவர். நாற்பத்தாறு.

"நாப்பத்தேழு?"

"கீறேன்."

"ஃபுல் மேடம்" என்றான் சூப்பர்வைசர். அதிகாரி பெருவிரலை உயர்த்திக் காட்டினார். ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டு பேர் பிரிக்க ஆரம்பித்தார்கள், புகைப்படத்துக்கு.

"மேடம், ஒரு ஆள் குறையுது" என்றேன்.

"எல்லா நம்பருக்கும் பதில் வந்துதே சார்."

"தலை நாற்பத்தாறுதான்."

"நகர்ந்திருப்பாங்க. வெயில் வேற. லஞ்சுக்கு அப்புறம் லோடு ஏத்தணும் சார், லாரி வந்து நிக்குது."

நான் வற்புறுத்தவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு வேறொரு கம்பெனியில் இதேபோல் ஓர் ஆள் குறைகிறது என்று நான் பிடிவாதம் பிடித்து, அரை மணி நேரம் வேலையை நிறுத்தி, கூரைவரை தேட வைத்தேன். அந்த ஆள் அன்றைக்கு லீவு. அட்டையில் பேரை அடிக்க மறந்திருந்தார்கள். தவறு அவர்களுடையதுதான். ஆனால் "உங்க சாருக்குக் கண்ணு சரியில்ல, வேற ஆள அனுப்புங்க" என்று ஏஜென்சிக்குப் போன் போயிற்று. ஐந்து மாதம் என்னை யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு வலது கண்ணில் புரை நீக்கிக்கொண்டேன். இடது கண் இன்னும் பாக்கி. எனவே என் எண்ணிக்கை மேல் எனக்கே முழு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் எதையும் மூன்று தடவை எண்ணுகிறேன்.

இரண்டாவது தடவை எண்ணினேன். வரிசை கலைய ஆரம்பித்திருந்தது. விரலை நீட்டி ஒவ்வொரு தொப்பியாக எண்ணினேன். நாற்பத்தாறு. மணி பதினொன்று ஐம்பது.

மூன்றாவது தடவை அடுத்த பக்கத்திலிருந்து எண்ணினேன். நாற்பத்தேழு.

பேனாவைத் திறந்து அறிக்கையில் நாலு நிமிடம் பத்து வினாடி என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, கூட்டத்தின் ஓரத்தில் கையில் கரண்டியோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். கேன்டீன் சமையல்காரர். வேடிக்கை பார்க்க வந்தவர். கான்ட்ராக்ட் ஆள், அட்டையில் அவருக்கு எண்ணே கிடையாது.

அவரையும் சேர்த்துத்தான் நாற்பத்தேழு.

"யாரும் உள்ள போகாதீங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "சூப்பர்வைசர் தம்பி, அட்டைய மறுபடி எடுங்க. நம்பர் கூப்பிட்டதும் வாயால சொல்லக் கூடாது. ஒவ்வொருத்தரா நடந்து இந்தக் கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போகணும்." செருப்பால் மண்ணில் ஒரு கோடு கிழித்தேன்.

"சார், ப்ளீஸ்" என்றார் அதிகாரி.

"ரெண்டு நிமிஷம் மேடம். தப்பா இருந்தா நானே ஏஜென்சிக்குப் போன் பண்ணிச் சொல்றேன், இனிமே என்னை அனுப்பாதீங்கன்னு."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார்கள். "சாருக்கு நம்ம மேல சந்தேகம்." "சடுகுடு ஆட வுடறாரு." ஒவ்வொருவராகப் போவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பத்து நாலு. முப்பத்தைந்து.

"முப்பத்தாறு?"

"கீறேன் சார்."

குரல் வந்தது. யாரும் நடக்கவில்லை.

கோட்டுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு எண்கள் பாக்கி. நின்றது பதினொரு பேர். எல்லாரும் பெரியக்காவைப் பார்த்தார்கள். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பதில் அவர் வாயிலிருந்துதான் வந்தது. வேண்டுமென்று சொன்னதில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முதல் தடவை சொன்ன வாய், பழக்கத்தில் இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டது.

"யாரு சொன்னது?" என்று அதிகாரி முன்னால் வந்தார்.

"அது அப்புறம் மேடம்." நான் பெரியக்காவிடம் திரும்பினேன். "அவங்க எங்கம்மா?"

"பாத்ரூம் போயிருப்பா சார். எப்பவும் போறவதான். வந்துடுவான்னுட்டு..." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஏரி வேலைல நாங்க அப்டித்தான் சார். நூறு நாள் வேலைல எவளாச்சும் புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருப்பா. பேர் கூப்ட்டா பக்கத்துல கீறவ சொல்லிடுவோம். சொல்லலன்னா அவ பேர் பூடும். நீங்க வேற ஒண்ணு கொறஞ்சா ஃபெயிலுன்னீங்க."

நான்தான் சொன்னேன்.

இரண்டு பெண்கள் கழிவறைக்கு ஓடினார்கள். நான்கு கதவு. நான்கும் திறந்து கிடந்தன. ஒருவரும் இல்லை.

"அவங்ககூட ஒரே மேசையில நின்னது யாரு?" என்று கேட்டேன்.

பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். "நான் சார். சங்கு ஊதறதுக்கு முன்னாடி ட்ரே எடுத்தாரேன்னு போனா. நான் இன்னா நெனச்சேன்னா, அங்கேர்ந்தே வெளிய வந்திருப்பான்னு."

"எங்கேருந்து ட்ரே எடுக்க?"

"கோல்ட் ரூம்ல சார்."

சூப்பர்வைசர் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. "கதவு லேசா தொறந்துக்கினு இருந்துது சார்" என்றான். "நான்தான் இழுத்துச் சாத்திட்டு வந்தேன். உங்க ஏழாவது பாயிண்ட்டு."

குளிர் அறையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. அதன் சுவர் ஒரு சாண் தடிமன். சங்குச் சத்தம் உள்ளே போகாது. மாட்டிக்கொண்டால் அழுத்த உள்ளே ஒரு மணி இருக்கிறது. அது மெயினில் இருந்து ஓடுகிறது. மெயினை நிறுத்தச் சொன்னது இரண்டாவது விதி. இவை எல்லாம் எனக்கு அந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்து உள்ளே ஓடும்போது சூப்பர்வைசர் சொல்லித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அறுபத்தொன்பது வயதில் நான் ஓடியது அதுதான் கடைசியாக இருக்கும். விதிகளில் ஓடக் கூடாது என்று இருக்கிறது.

உள்ளே இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் பொட்டலம் கட்டும் மேசைகள், அப்படியே போட்டுவிட்டுப் போன சமோசாக்கள், தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகள். அவற்றைத் தள்ளிக்கொண்டு போனால் வெள்ளைக் கதவு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினைப் போடச் சொல்லிக் கத்தினேன். சூப்பர்வைசர் கைப்பிடியை இழுத்தான். கதவு அசையவில்லை. ஓரத்து ரப்பரில் பனி பிடித்திருந்தது. நானும் சேர்ந்து பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இழுத்தோம். மறுபடி எண்ணி இழுத்தோம். பெரியக்கா எங்கள் இருவரையும் தோளால் ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியில் தொங்கினார். நான்காவது இழுப்பில் கதவு வந்தது. வெண்ணிறப் புகை தரையோடு வெளியே வழிந்தது. என் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஒன்று.

இருபத்தொரு நிமிடம்.

அவர் கதவுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்த ட்ரே ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கம்பெனி கொடுத்த தடித்த சட்டை போட்டிருந்தார். அது ஒன்றுதான் அன்று நடந்த நல்லது. ஒரு கையில்தான் உறை. இன்னொரு கையை அக்குளுக்குள் செருகியிருந்தார். கண் இமையெல்லாம் வெள்ளை. உதடு அசைந்துகொண்டிருந்தது. குனிந்து கேட்டேன்.

"எழுவத்தெட்டு," என்றார். "எழுவத்தொம்போது."

"போதும்மா, வந்துட்டோம்" என்றேன். அவர் எண்பது என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்.

வெயிலில் கொண்டுவந்து உட்கார வைத்தோம். கையைப் பரபரவென்று தேய்க்கப் போனவர்களைத் தடுத்தேன். உறைந்த கையைத் தேய்க்கக் கூடாது என்பது என்னுடைய முதலுதவி ஸ்லைடில் இருக்கிறது. பெண்கள் தங்கள் துப்பட்டா, துண்டு, சாக்கு எல்லாவற்றையும் அவர் மேல் போர்த்தினார்கள். என் மூன்றாவது பையிலிருந்த துண்டும் போயிற்று. சமையல்காரர் வெதுவெதுப்பாகப் பால் கொண்டுவந்தார்.

"ஏண்டி, கத்தக் கூடாதா? வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று பெரியக்கா அதட்டினார். அழுதுகொண்டே அதட்டினார்.

"கத்தினேங்க்கா. தட்டினேன். உள்ளேர்ந்து கதவு தொறக்கிற குமிழத் தள்ளினேன், ஐசு புடிச்சிக்கினு நவுரல." பற்கள் அடித்துக்கொள்வதற்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னா மாதிரி எண்ணினேங்க. மூணு நூறு ஆயி நாலாவது போய்க்கினு இருந்துது."

முந்நூற்று எண்பது மூச்சு. நிமிடத்துக்குப் பதினெட்டு. பயந்தவரின் மூச்சு அவ்வளவுதான் இருக்கும்; கணக்கு சரியாக வந்தது. அந்த நேரத்திலும் அதை வகுத்துப் பார்த்தேன் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"ஏங்க்கா," என்று அவர் மறுபடி பேசினார். "என் நம்பரு கூப்டாங்களா?"

பெரியக்கா சாக்கை இன்னும் மேலே இழுத்து அவர் கழுத்தைச் சுற்றிச் சொருகினார்.

கம்பெனிக் காரில் சூப்பர்வைசரும் அந்த மேசைப் பெண்ணும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். தண்ணீர் குடித்தார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். கார் கிளம்பும் வரை அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

"சார், ஆள் நல்லாத்தான் இருக்காங்க. நாளைக்கு ஆடிட். அறிக்கையில நாற்பத்தேழுன்னே இருக்கட்டும். டோக்கனுக்குப் பொய்யா பதில் சொன்னவங்க பேர மட்டும் தனியா எழுதிக் குடுங்க. நடவடிக்கை எடுத்து முடிச்சிடறேன்."

"நடவடிக்கைன்னா?"

"வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லுவாங்க. வேற என்ன?"

தட்டச்சு செய்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கையால் எழுதினேன். பணியில் இருந்தவர்கள் 47. வெளியேறியவர்கள் 46. ஒருவர் குளிர் அறைக்குள் இருபத்தொரு நிமிடம். ஏழாவது விதி இயந்திரத் தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது, குளிர் அறை உள்ள இடத்துக்குப் பொருந்தாது, இடத்தைச் சுற்றிப் பார்க்காமல் அதை இங்கே கொண்டுவந்தவர் பயிற்சியாளர். குரலை வைத்து ஆள் கணக்கெடுக்கச் சொன்னதும் பயிற்சியாளர். ஒரு எண் குறைந்தால் ஒத்திகை தோல்வி என்று பயமுறுத்தியதும் பயிற்சியாளர். குளிர் அறை மணிக்கு பேட்டரி வேண்டும். குமிழில் பனி சேராமல் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "பேர் எங்க சார்?"

"அதான் எழுதியிருக்கேனே மேடம். மூணு தடவை எழுதியிருக்கேன்."

"இத ஏஜென்சிக்குச் சொல்லியாகணும்."

"சொல்லுங்க."

அந்தத் தாள் கோப்பில் ஏறியதா, கிழிபட்டதா என்று எனக்குத் தெரியாது. ஏஜென்சி அதன் பிறகு கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து இருபத்திரண்டு தலைப்பையும் திறந்து பார்த்தேன். கதவைச் சாத்தும் அந்த விதி ஆறு இடத்தில் இருந்தது. பதினோரு வருடத்தில் எத்தனை கம்பெனிக்கு அதைக் கொண்டுபோயிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பதுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டேன். இப்போது அந்தப் பழைய கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்துகொண்டிருக்கிறேன். பலரும் யார் பேசுகிறது என்றே கேட்கிறார்கள். பதினேழு முடிந்திருக்கிறது.

ஒத்திகை நடந்த அன்று சாயந்திரம் என் பேருந்து போய்விட்டிருந்தது. பைகளை எண்ணிக்கொண்டு வாசலில் நின்றபோது, காவாந்தண்டலம் வேனிலிருந்து பெரியக்கா கூப்பிட்டார்.

"வாங்க சார், உத்தரமேரூர் வந்துதான் திரும்பும். ஏறுங்க."

ஏறினேன். வழக்கமாக அந்த வேனில் பாட்டும் சண்டையுமாக இருக்குமாம். அன்று ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டு கொடுத்தார்கள். பெரியக்காவின் செல்போன் அடித்தது. சூப்பர்வைசர். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"டீ குடிச்சிட்டு ஒக்காந்துகினு கீறாங்க்கா. ரெண்டு விரலுதான் இன்னும் மரத்துப் போயிருக்காம். நைட்டு இங்கியே வெச்சிருந்து பாக்கணும்னு டாக்டர் சொல்றாரு. அவங்க வூட்டுக்கு நானே போய்ச் சொல்லி இட்டாரேன்."

"தம்பி, அவளாண்ட குடு." கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். "ஏண்டி, கீறியா?"

"கீறேங்க்கா" என்றது அந்த மெல்லிய குரல்.

பெரியக்கா போனை அணைத்து மடியில் செருகினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் வண்டியைக் கிளப்பி, "எல்லாம் ஏறியாச்சாம்மா?" என்று கேட்டான். தினமும் கேட்கிற கேள்வியாம். தினமும் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஏறியாச்சு, போ நைனா" என்பாராம் பெரியக்கா.

அன்று அவர் எழுந்தார். கூரை இடிக்காமல் குனிந்துகொண்டு பின்சீட்டு வரை போய், ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். சிலர் தலையைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மேசைப் பெண் தென்னேரி வேன்காரி; இந்த வேனின் பதினைந்து பேரில் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒருவர்தான். தன் நெஞ்சில் கை வைத்து "பதினாலு" என்றார். பிறகு என் வழுக்கையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது, சில்லென்று இருந்தது.

"பதினஞ்சு. செரியா கீது. போ நைனா."

வண்டி நகர்ந்தது.

"நிறுத்துப்பா" என்றேன். "என்ன சேக்காதீங்கம்மா. நான் உங்க வேன் இல்ல. பதினாலுதான்."

அவர் கை என் தலையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார். பின்னால் ஜன்னலோரம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ஒண்ணு ஆஸ்பத்திரில கீது."

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "போலாமா?" என்றான். பெரியக்கா மறுபடி குனிந்து பின்சீட்டுக்குப் போனார். முதல் தலையைத் தொட்டு, ஒன்று என்று ஆரம்பித்தார்.